பதினோராவது பெட்டி

பத்துப் பெட்டி வேலை செய்தது.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
கடைசியில் ஒருவருக்கும் ஞாபகம் இராது.

கொக்குவில் சந்தியில், மருந்துக்கடைக்கு மேல்,
ஃபானைப் போட்டால் ஈயப்புகை முகத்தில் அடிக்கும்,
நிறுத்தினால் வேர்வை சுற்றுப்பலகையில் சொட்டும்
அந்த அறையில்
நானும் கீர்த்திகனும் செய்தது.
கிணற்றுக்குள் வயரில் தொங்கும்.
விடிய நாலரைக்குத் தண்ணீரின் உப்பை அளந்து
தோட்டக்காரரின் போனுக்கு ஒரு வரி போடும்:
இன்று இறைக்கலாம்.
அல்லது, இன்று வேண்டாம்.

நீர்வேலி இராசமலரக்கா
அந்த ஒரு வரியை நம்பி
மூன்று நாள் மோட்டரைப் போடவில்லை.
வெங்காயம் நுனி கருகாமல் வந்தது.
"பிள்ளை, இன்னும் ஒரு நூறு செய்யுங்கோவன்,
சங்கத்தில எல்லாரும் கேக்கினம்."
நூறு என்றால் பத்துத் தரம் பத்து.
நாங்களும் அப்படித்தான் கணக்குப் பார்த்தோம்.

முதலில் சிப் கொம்பனியின் கடிதம்.
இந்த இலக்கம் இனி வராது,
மாற்று உண்டு, கால்கள் மட்டும் சற்றுத் தள்ளி.
அரை மில்லிமீற்றர்.
அந்த இடைவெளிக்குள்
சித்திரையும் வைகாசியும் ஆனியும் விழுந்துபோயின.
ஆறு மணித்தியாலம் அச்சடித்த மூடி
வெயிலில் அப்பளம்போல நெளிந்தது.
றத்மலானையில் வார்ப்புக்காரர்
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
கையால் காட்டினார்:
இது அச்சை விட்டுக் கழராது, மகள்.
கழன்றாலும்
ஐயாயிரத்துக்குக் குறைய வார்ப்பதில்லை.
சுங்கத்தில் இருபத்தாறு நாள்.
வானலைக் கருவி, அனுமதி வேண்டும்.
அனுமதிக்கு மாதிரி வேண்டும்.
மாதிரிக்குத்தான் அந்தச் சிப்.

பரிசும் தந்தார்கள்.
மேடையில் பிடித்த ஐந்தடிக் காசோலை அட்டை
இப்போது மேற்கு யன்னலுக்கு வெயில் மறைக்கிறது.
மாதிரி செய்யத்தான் அந்தக் காசு;
நூறு செய்ய வங்கி கேட்டது
காணி உறுதி.

எல்லாம் உண்மை.
கேட்பவர்களுக்கு இவற்றைத்தான் சொல்கிறோம்,
தலையாட்டுகிறார்கள், தேத்தண்ணி முடிகிறது.

யதுகுலன் நெல்லியடிப் பெடியன்,
பொருத்துவதற்கென்று எடுத்தோம்.
நான் எழுதிக் கொடுத்த தாளை
நாலாம் பக்கம்வரை விரல் வைத்து வாசித்தான்.
அங்கே நின்றான்.
"அக்கா, 'சரியாக வரும்வரை திருகவும்' எண்டு கிடக்கு.
சரி எண்டா எவ்வளவு?"

எனக்குத் தெரியும். என் விரலுக்குத் தெரியும்.
கோப்பிப் போத்தலில் உப்பைக் கரைத்து
நாக்கில் ஒரு துளி வைத்து
திருகாணியை மயிரளவு பின்னுக்கு விடுவேன்.
ஆறாம் பெட்டியில் பசைக்கடியில்
கணக்கில் இல்லாத ஒரு றெசிஸ்ரர்.
மூன்றாவது, இடப்பக்கம் தட்டினால்தான் எழும்பும்.
எங்கும் எழுதவில்லை.
எழுத வேண்டிய நேரமெல்லாம்
அடுத்ததைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

பதினோராவது பெட்டியை அவன் செய்தான்.
தாளில் உள்ளபடி, ஒரு பிழையுமில்லாமல்.
பண்ணைப் பாலத்தடியில் கடலில் தோய்த்தோம்.
போன் சிணுங்கியது:
இன்று இறைக்கலாம்.

கீர்த்திகன் விழுந்து விழுந்து சிரித்தான்,
பிறகு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு
கனநேரம் கழற்றவில்லை.
எங்கள் பெட்டி அதுதான்.
முன்னைய பத்தும்
பெட்டிக்குள் ஒளிந்திருந்த நான்.

கீர்த்திகன் இப்போது கொழும்பில்,
வங்கிக்குச் செயலி எழுதுகிறான்.
பிழை வந்தால் இரவோடிரவாகத் திருத்தலாம்,
கிணற்றுக்குள் இறங்கத் தேவையில்லை என்கிறான்.
யதுகுலன் போன் திருத்தும் கடையில்.

மூன்றாம் பெட்டியின் சிம்முக்கு
மாதாமாதம் நான்தான் காசு போடுகிறேன்.
இன்றும் நாலரைக்கு வந்தது:
இன்று வேண்டாம்.
அதற்குப் பிறகு நித்திரை வரவில்லை.
நாலாம் பக்கத்தை எடுத்து
'சரியாக வரும்வரை' என்பதை வெட்டினேன்.
அந்த இடத்தில் ஓர் எண் எழுத வேண்டும்.
போத்தலில் உப்பு கரைந்துகொண்டிருக்கிறது.
பேனை மூடியைக் காணவில்லை.